பூவோடு சேர்ந்த நார்

எங்கள் வீட்டுப் புறவாசலில் துவைகல்லை ஒட்டி ஒரு சிரட்டை கிடக்கும். பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார் அதில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா குத்துவிளக்கையும் செம்புத் தவலையையும் புளி போட்டுத் தேய்ப்பாள். புளியும் செம்பும் சேர்ந்து எழுப்புகிற அந்த நெடிக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நாக்கடியில் எச்சில் ஊறும். கழுவிக் கவிழ்த்த தவலை நேற்றுத்தான் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சிரட்டையில் இருந்த நார் பச்சை பூத்திருக்கும். பாசி என்று நினைத்துத் தொடப் போவேன். "தொடாதய்யா, அது களிம்பு" என்பாள் அம்மா. தவலையில் இருந்த களிம்பு நாரில் ஏறியிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து வாழை மூட்டில் எறிவாள். சாம்பலும் சோறு வடித்த பானை கழுவின தண்ணீரும் அந்த வாழைக்குத்தான் போகும். குலை தள்ளி ஓய்ந்ததும் அந்த வாழையின் மட்டையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, அந்த நாரில் பிச்சிப்பூ கட்டித்தான் அதே குத்துவிளக்குக்குப் போடுவாள். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே புறவாசலுக்குள் முடிந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பச்சை நார் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தவலை சுத்தமானது என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நாருக்கு என்ன ஆனது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால், முதுகலை வேதியியல் படித்தபோது நான் செய்த ஆய்வும் தேங்காய் நார் பற்றியதுதான். ஈயம் கலந்த தண்ணீரை நாரால் சுத்தம் செய்ய முடியுமா என்பது கேள்வி. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் இது சூடான விஷயம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் தென்னை நார்க்கழிவைக் கொண்டு தண்ணீரிலிருந்து உலோகங்களைப் பிடிக்கும் முறைகளை வருஷக்கணக்காக ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கயிற்று ஆலை வாசலில் மலைபோல் கிடந்து மழைக்குக் கறுத்து ஒழுகுகிற கழிவு ஒன்று, தோல் ஆலைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் கெடுத்த தண்ணீரை மீட்கப்போகிறது என்பது இருபத்திரண்டு வயதில் என்னை உலுக்கிய எண்ணம். நாரைக் கழுவி, காயவைத்து, நறுக்கி, சல்லடையில் சலித்து, லெட் நைட்ரேட் கரைசலில் போட்டுக் குலுக்கினேன். மணிக்கொரு தடவை கொஞ்சம் தண்ணீர் எடுத்து வடிகட்டி, சிறு சீசாக்களில் அடைத்து, கருவி இருந்த வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினோம். முதலில் இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவு இருக்கிறது, மிச்சம் நாரில் போயிருக்கிறது. கழித்தல் கணக்கு. வரைபடத்தில் கோடு அழகாக ஏறிச் சமனானது. எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. கடைசி நாள், ஈயம் ஏறிய நார் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்து மூட்டில் போட்டுவிட்டு வந்தேன். போடச் சொன்னவரும் போட்ட நானும் ஒரு நிமிஷம்கூட நின்று யோசிக்கவில்லை. அம்மா வாழை மூட்டில் எறிந்தது செம்புக் களிம்பு. நான் எறிந்தது காரீயம்.

அந்தக் கழித்தல் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீரில் குறைந்தது எல்லாம் நாரில் ஏறியது என்று எழுதுவது எளிது. ஆனால் உலோகம் கண்ணாடிக் குடுவையின் சுவரிலும் ஒட்டும். அதனால்தான் தண்ணீர் மாதிரியை எடுத்தவுடன் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு வைப்பார்கள். தண்ணீரின் அமிலத்தன்மை குறைந்தால் ஈயம் ஹைட்ராக்சைடாகி மாவுபோல் அடியில் படியும், வடிதாளில் தங்கிவிடும். இவை எல்லாவற்றையும் நாரின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, நார் வேலை செய்கிறது என்று மகிழலாம். உண்மையில் நாருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய நாரையே கேட்க வேண்டும். அது தனிப் பாடு. நாரை முதலில் குழாய்த் தண்ணீரிலும் பிறகு வாலைவடி நீரிலும் அலச வேண்டும். எவ்வளவு அலசுவது என்பதே ஒரு சிக்கல். குறைவாக அலசினால் மேலே ஒட்டியிருக்கும் சேற்றின் இரும்பும் ஈயமும் நாரின் பேரில் எழுதப்படும். அதிகம் அலசினால் நார் தளர்வாகப் பற்றியிருந்ததும் போய்விடும். பிறகு உலர்த்தும் அடுப்பில் வைத்து எடை மாறாமல் நிலைக்கும் வரைக்கும் காயவைக்க வேண்டும். பொடிக்க வேண்டும். வீட்டு மிக்ஸி ஆகாது, அதன் எஃகுத் தகட்டிலிருந்து குரோமியமும் நிக்கலும் உதிரும். அகேட் கல்லில் செய்த கல்வத்தில் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். கண்ணாடிச் சாமான்களை முந்தின நாள் இரவே நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். அரை கிராம் பொடி, பத்து மில்லி அடர் நைட்ரிக் அமிலம், புகைபோக்கி அறை, மெல்லிய சூடு. பழுப்புப் புகை எழும். தொண்டையில் ஒரு கரகரப்பு. புகை அடங்கியதும் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டுச் சொட்டாக. நுரைத்து, பொங்கி, கடைசியில் நார் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் வெளிறிய மஞ்சள் தண்ணீர் மிஞ்சும். கோரையாகவோ உமியாகவோ இருந்தால் அதுகூட முழுதாக நடக்காது. புல்லும் கோரையும் தங்கள் உடம்பில் மணல்சத்தைச் சேர்த்துவைத்திருப்பவை, அந்த வெள்ளைத் துகள்கள் நைட்ரிக் அமிலத்துக்கு மசியாமல் அடியில் கிடக்கும், கொஞ்சம் உலோகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் எலும்பு வரைக்கும் இறங்குகிற அமிலம் அது.

இவ்வளவுக்கும் பிறகு தீ. காற்றும் அசிட்டிலினும் கலந்து எரியும் நீலச் சுடர், ஏறத்தாழ 2,300 டிகிரி. ஒரு மெல்லிய குழாய் அந்த மஞ்சள் தண்ணீரை உறிஞ்சிச் சுடருக்குள் தூவும். சுடரின் ஒரு பக்கத்தில் விளக்கு, மறுபக்கத்தில் ஒளியை அளக்கும் கண். ஈயத்தால் செய்த விளக்கு ஈயத்துக்கே உரிய ஒளியை விடும். சுடரில் ஈய அணுக்கள் இருந்தால் அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும். எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவு ஈயம். ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1952ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1955ல் எழுதி வெளியிட்டார். அணுக்கள் ஒளியை விடுவதை அளக்க எல்லோரும் முயன்றபோது, அவை ஒளியைக் குடிப்பதை அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் முதன்முதலில் அந்தக் கருவிக்கு முன்னால் நின்றது வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான். என்னை அங்கே பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். காட்மியத்துக்கு ஒரு விளக்கு, ஈயத்துக்கு ஒரு விளக்கு, குரோமியத்துக்கு ஒரு விளக்கு. எந்த விளக்கை ஏற்றுகிறோமோ அந்த உலோகம் மட்டுமே தெரியும். ஈய விளக்கு எரியும்போது சுடருக்குள் காட்மியம் கொட்டிக் கிடந்தாலும் கருவியின் கண்ணுக்கு அது இல்லை. இப்போது எல்லா உலோகத்தையும் ஒரே வீச்சில் எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அவை எண்ணித் தருவது அளவைத்தான். தண்ணீரில் கொடிய ஆறிணைதிறக் குரோமியமாக வந்தது நாரின் லிக்னினைத் தொட்டு, சாதுவான மூவிணைதிறக் குரோமியமாக மாறியிருக்கலாம். அமிலத்தில் கரைத்துச் சுடரில் தூவியபின் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

நார் ஏன் உலோகத்தைப் பிடிக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் பத்துப் பாத்திரத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். பற்றுப் பாத்திரம்தான் பத்துப் பாத்திரம். சோறு பற்றியிருப்பதால் அந்தப் பெயர். பாடநூல் இதை இரண்டாகப் பிரிக்கும்: பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல், பரப்பில் மட்டும் வந்து ஒட்டுவது பரப்புக் கவர்தல். செல்லுலோசும் லிக்னினும் பெக்டினும் சேர்ந்த நாரின் பரப்பில் ஆக்சிஜன் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஏற்கனவே ஹைட்ரஜனோ கால்சியமோ உட்கார்ந்திருக்கும். ஈயம் வந்தால் கால்சியம் இடத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போகும். அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் கூட்டமாக வந்து ஈயத்தை விரட்டும். புளி போட்டுத் தேய்க்கும்போது தவலையில் நடப்பதும் இந்த இடமாற்றத்துக்குத் தூரத்து உறவுதான். நம் ஊரில் ரசத்துக்கு ஈயச் சொம்பு என்று வைத்திருப்பது வெள்ளீயம், நஞ்சானது காரீயம். ஒரே சொல்லுக்கு ஒரு நிறத்தை முன்னால் ஒட்டித்தான் உயிரையும் சாவையும் பிரித்து வைத்திருக்கிறோம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று சொல்லும்போது நாருக்கு அது பெருமை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். நாருக்கு மணமும் ஒன்றுதான், நஞ்சும் ஒன்றுதான். கிட்ட வந்ததைப் பற்றிக்கொள்ளும். அது அதன் இயல்பு.

நான் இப்போது இருப்பது மணிமுத்தாற்றில், அணைக்குக் கீழே. 1958ல் கட்டி முடித்த அணை, 118 அடி. காலையில் எண்பதடிக் கால்வாய்க் கரையில் நடப்பேன். கார்த்திகை மார்கழியில் மலையிலிருந்து இறங்கும் காற்று ஈரமாக இருக்கும், சிறப்புக் காவல்படை முகாமின் விசில் சத்தம் தண்ணீருக்கு மேலே தெறித்து வரும். இங்கே தண்ணீர் தெளிவு. உள்ளங்கையில் அள்ளினால் ரேகை தெரியும். கீழே போகப் போக ஆறு வேறு. தாமிரபரணியில் கலந்து, அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி தாண்டி, திருநெல்வேலி சாக்கடைகளை வாங்கிக்கொண்டு, திருவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் வந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகும்போது அதன் அடியில் வண்டலாகப் படிந்திருப்பது என்ன என்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முகத்துவாரத்தில் அளந்து 2011ல் எழுதியிருக்கிறார்கள். நகரத்தை ஒட்டி ஆற்றை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு நினைப்பு வரும். ஒன்று, அது ஆற்றை மூச்சுத் திணறடிக்கிறது. இன்னொன்று, அது ஆற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் வொல்வர்டன் என்பவர் 1970களிலேயே ஆகாயத்தாமரையைக் கழிவுநீரில் விட்டு அது காட்மியத்தையும் நிக்கலையும் வேர்களில் இழுப்பதைக் காட்டினார். 2005ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள், வங்கதேசத்து டாக்காவில் சேகரித்த ஆகாயத்தாமரையின் வேரைக் காயவைத்துப் பொடியாக்கி, லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருந்த தண்ணீரில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆர்செனிக் தண்ணீரை விட்டுப் போயிருந்தது. செத்துக் காய்ந்த வேர்கூட அந்த வேலையைச் செய்தது. நல்ல செய்திதான். ஆனால் இங்கே பொக்லைன் வைத்து வாரிக் கரையில் குவிக்கிறோம். குவித்தது அழுகி, அடுத்த மழைக்குக் கறுப்புச் சாறாக அதே ஆற்றுக்குள் இறங்குகிறது. பல ஊர்களில் அதன் தண்டைக் காயவைத்துக் கூடையும் பையும் பின்னப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்னுகிறவர் நார் பிடித்துக்கொள்ள ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அந்தத் தண்டு எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அவரிடம் சொல்ல ஒருவர் வேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது கோரை. மணிமுத்தாற்றிலிருந்து பஸ்ஸில் போனால் பத்தமடை தூரமில்லை. அங்கே லெப்பைக் குடும்பங்களின் பெண்கள் நெய்யும் பாய்க்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூறு பாவுக்கு மேல் போட்டு நெய்த பாயை மடித்து ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், தொட்டால் பட்டுத்துணி மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. என் அக்காவின் பெயரில் ஓர் எழுத்து தேய்ந்து போகும் வரைக்கும் அதில்தான் பிள்ளைகள் தூங்கின. அந்த நயம் எப்படி வருகிறது என்று ஒரு தடவை பார்த்தேன். ஆற்றோரக் கோரையை அறுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். மெல்லியதாகக் கீறுகிறார்கள். பிறகு கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். கோரை ஊறி உப்பி, மெதுவாகி வரும். மறுபடி காயவைத்துத்தான் தறிக்குப் போகும். ஓடும் தண்ணீருக்குள் கட்டிப் போட்டிருந்த அந்தக் கோரையைப் பார்த்தபோது என் கை சில்லிட்டது. காயவை, நறுக்கு, தண்ணீரில் போடு, காத்திரு. என் ஆய்வேட்டின் செய்முறைப் பக்கம் அப்படியே அந்தக் கால்வாயில் கிடந்தது. உயிரோடு இருக்கும் கோரை உலோகத்தைப் பெரும்பாலும் வேரில் நிறுத்திக்கொள்ளும், தண்டுக்குக் கொஞ்சம்தான் ஏறவிடும், பாய்க்கு எடுப்பது தண்டை. இது ஆறுதல். ஆனால் அறுத்துக் காய்ந்தபின் வேர் என்கிற காவல் இல்லை. தண்டே நாராகி நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. பாயில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தலைமுறை தலைமுறையாக ஒரு கலையை விரல்நுனியில் காப்பாற்றிவரும் பெண்களுக்குச் செய்கிற துரோகம். பாயை யாரும் தின்பதுமில்லை. என் உறுத்தல் வேறு: கோரையை ஆற்றில் ஊறப்போடும் கைக்கு ஆற்றின்மேல் இருந்த நம்பிக்கை. தண்ணீர் ஓடினால் அது சுத்தம், அதில் எதையும் ஊறப்போடலாம் என்ற நம்பிக்கை. அதைத்தான் நாம் மேலே இருந்துகொண்டு கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், காட்மியத்துக்கு 0.003. ஒரு கால்வாயில் ஈயம் அதில் பாதி, 0.005 இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் தேர்ச்சி பெற்றுவிட்டது. அந்தத் தண்ணீர் பத்தாயிரம் லிட்டர் ஒரு கிலோ நாரைத் தடவிக்கொண்டு ஓடினால் அதில் மொத்தம் 50 மில்லிகிராம் ஈயம். நார் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தால்கூட கிலோவுக்கு 5 மில்லிகிராம். கீரைக்கு உலக உணவுத் தரக் குழு வைத்திருக்கும் எல்லை 0.3. எல்லைக்குள் அடங்கிய தண்ணீர் நாருக்குள் போய் எல்லையைத் தாண்டிவிடுகிறது, ஏனென்றால் தண்ணீர் கடந்து போகிறது, நார் அங்கேயே நிற்கிறது. நாரைவிட அதிகம் நிற்பது நெல். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலும் நதியுண்ணிக் கால்வாயிலும் தண்ணீர் வாங்கும் ஒவ்வொரு வயலும் யாரும் சொல்லாமலேயே ஆற்றை வடிகட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் ஜின்ட்ஸு ஆற்றங்கரையில் இதுதான் நடந்தது. மேலே கமியோகா சுரங்கம், அதன் காட்மியம் ஆற்றில், ஆறு வயலில், வயல் அரிசியில். எலும்பு தும்மினால் முறியும் அளவுக்கு நொறுங்கி, வலிக்குது வலிக்குது என்று பெண்கள் கதறியதே இதாய்-இதாய் என்று நோய்க்குப் பெயராகிவிட்டது. 1968ல்தான் அரசு அதைச் சுரங்கத்தால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டது. வயலின் வேலையே ஆற்றைச் சுத்தம் செய்வது என்று ஆனபோது, அந்தச் சுத்தத்துக்கான கூலியைப் பெண்களின் எலும்பு கொடுத்தது. இங்கே பாபநாசத்தில் திதி முடித்தவர்கள் ஆற்றில் விட்டுப்போகும் வேட்டி சேலைகளைத் தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளி வெளியே போட்டிருக்கிறார்கள். பருத்தியும் செடி நார்தான். அவர்கள் அள்ளிய துணி எதை எதைப் பிடித்து வைத்திருந்தது என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

செடியிடம் கேட்டு உண்மையைப் பெற்ற கதை நம் பக்கத்திலேயே உண்டு. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டபிறகு, பாதரசம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அறிய, ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறையின் பகுப்பாய்வு மையத்து ஆய்வாளர்கள் மரங்களில் ஒட்டிக்கிடந்த பாசியையும் கற்பாசியையும் சுரண்டி எடுத்து அளந்தார்கள். 2003ல் அது அச்சானது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, காற்றில் வருவதைத்தான் தின்னும். அதனால் அது காற்றின் நாட்குறிப்பு. பாதரசத்தை அளப்பது இன்னும் நுட்பமான வேலை. சூடு கூடினால் மாதிரியை விட்டே பறந்துவிடும், பிறகு இல்லை என்று முடிவு வரும். இப்படிப்பட்ட ஆய்வு எதிலும் ஒரு மாதிரி அழுக்கு இடத்திலிருந்தும் ஒரு மாதிரி சுத்தமான இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். சுத்தமானது எவ்வளவு சுத்தம் என்று தெரிந்தால்தான் அழுக்கு எவ்வளவு அழுக்கு என்று சொல்ல முடியும். தாமிரபரணியை ஆராய்கிற யாருக்கும் அந்தச் சுத்தமான மாதிரிக்குக் கை நீள்வது மேலே, எங்கள் பக்கம்தான். மணிமுத்தாறு அருவிக்கு மேலே. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளே. ஆனால் அதற்கும் மேலே மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் பாம்பே பர்மா கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த காட்டில் ஏறத்தாழ நூறு வருஷம் தேயிலை நின்றது. 2024ல் தொழிலாளிகளை இறங்கச் சொன்னார்கள், பிறந்து வளர்ந்த லயன் வீடுகளைப் பூட்டிவிட்டுப் பலர் இறங்கி வந்ததை இந்த ஊர் பார்த்தது. தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிரக் கலவை தெளிப்பது வழக்கம். தேயிலைச் செடி தானாகவே மண்ணின் அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும். தாமிரபரணி என்ற பெயரைத் தாம்ரம், பர்ணம் என்று பிரித்து, தாமிர இலை என்று பொருள் சொல்வார்கள். நான் அதைப் பல மேடைகளில் அழகான பெயர் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். இலையில் ஏறிய உலோகம் என்று அதை ஒருநாள் காதில் கேட்டதும் பெயரின் சுவை மாறிவிட்டது. எங்கள் ஊரில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆற்றுப்படுகைக் குளங்களில் பறவைகளை எண்ணுகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்கள். கரையில் நிற்கும் கோரையையும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி எண்ணினால் எவ்வளவு நன்றாக இருக்கும். எத்தனை என்று இல்லை, உள்ளே என்ன என்று.

எண்ணியபிறகும் அந்த ஒரு கேள்வி தீராது. நஞ்சு ஏறிய நாரை என்ன செய்வது. எரித்தால் காட்மியம் 767 டிகிரியில் ஆவியாகிப் புகையோடு போகும், ஈயம் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். சாம்பலை எங்கே கொட்ட? புதைத்தால் நார் மக்கும், மக்கும்போது அது பிடித்திருந்த கை தளரும், மழை அதை நிலத்தடிக்குக் கொண்டுபோகும். அமிலத்தில் கழுவினால் நார் மறுபடி சுத்தமாகிவிடும், மறுபடி பயன்படுத்தலாம். இதை என் ஆய்வேட்டில் ஒரு சாதனையாகவே எழுதினேன். உலோகம் இப்போது அமிலத்தில் இருக்கிறது, அந்த அமிலத்தை எங்கே ஊற்றினேன் என்று எழுதவில்லை. ஆய்வகத் தொட்டியில்தான் ஊற்றினேன். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாள் விரித்து, களிமண் அடித்து, ஒழுக்கைக் கண்காணிக்கும் குழி வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. மணிமுத்தாற்றிலிருந்து தமிழ்நாட்டின் அந்தக் கோடி. ஒரு ஆலை அங்கே லாரி அனுப்பலாம். ஒரு சிரட்டை நாருக்கு யார் லாரி அனுப்புவார்கள்? தண்ணீரைச் சுத்தம் செய்தேன் என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தில் நாரை விட்டுவிடுகிறோம். தண்ணீர் அதிகம், நார் கொஞ்சம். பெரியதைக் காப்பாற்றச் சின்னதில் நஞ்சை ஒதுக்குவது நியாயம்தான், உடம்புகூடக் கல்லீரலுக்கு அந்த வேலையைத்தான் கொடுத்திருக்கிறது. அதனால் இந்த முறைகள் வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. குரோமியம் கலந்த ராணிப்பேட்டைக் கிணறுகளைப் பற்றிப் படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஒதுக்கியபின் ஒதுக்கிய இடத்தை மறந்துவிடுவதுதான் பொறுக்கவில்லை.

போன தை மாதம் நான் படித்த கல்லூரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பழைய ஆய்வகத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். வேப்பமரம் நிற்கிறது. நன்றாகவே நிற்கிறது, பழுப்பும் கொழுந்துமாக. வேப்பம்பழம் பொறுக்கும் காலமில்லை அது; அடியில் ஒரு அம்மா உதிர்ந்த சருகைக் கூட்டி ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். ஆட்டுப்பட்டியில் புகை போட என்றார். நான் எட்டி ஒரு கொத்து இலையைப் பறித்துப் பழுப்பு உறைக்குள் போட்டு, தேதி எழுதினேன். மாதிரி ஒன்று. இரண்டாவது மாதிரிக்கு மறுவாரம் அருவிக்குப் போனேன். பாறையில் பாசி விரல் கனத்துக்குப் பச்சையாக, சாரலில் நனைந்து, தொட்டால் ஒரு உயிருள்ள பிராணியின் முதுகு மாதிரி குளிர்ந்திருந்தது. காப்பகத்துக்குள் ஒரு இலைகூட எடுக்கக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து, எண்பதடிக் கால்வாயோரம் ஒரு பிடி கோரை அறுத்தேன். வீட்டுக்கு வந்து அலசினேன். குழாய்த் தண்ணீரில் பாதி அலசியபிறகுதான் பாட்டரிக் கடையில் வாலைவடி நீர் வாங்கிவர மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பப் போய் வாங்கிவந்து மறுபடி அலசி, தட்டட்டியில் வெள்ளைத் துணி விரித்துக் காயப்போட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. படியேறக் கூடாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. சாயங்காலம் நான் மேலே போனபோது துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோரையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், வற்றல் காயவைக்கிற பழக்கத்தில். "பாய்க்காய்யா?" என்றாள். சோதித்துப் பார்க்க என்றேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். அமிலத்தில் போட்டுக் கரைத்து, தீயில் தூவி. அவள் ஒரு கோரையை எடுத்து மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்த்தாள். ஆற்று வாசம் என்றாள். பிறகு அதைத் துணியின் ஓரத்தில் வரிசை பிசகாமல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பார்த்துட்டு எங்கய்யா போடுவ?"